1948 இல் சுதந்திரம், 1950 இல் மத்திய வங்கி: இடைப்பட்ட காலத்தில் ரூபாவை வெளியிட்டது யார்?

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். மத்திய வங்கி பற்றிய அலகைத் தொடங்கும்போது 1950 ஓகஸ்ட் 28 என்ற திகதியைக் கரும்பலகையின் மூலையில் எழுதிவிட்டு, அங்கே நின்று மினக்கெடாமல் வங்கியின் தொழிற்பாடுகளுக்குப் போய்விடுவது என் வழக்கம். பரீட்சையில் அதற்கு மேல் கேட்பதில்லை என்பதும் ஒரு காரணம். சென்ற வாரம் அந்தத் திகதியை எழுதி முடித்த கையோடு பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ரீச்சர், சுதந்திரம் கிடைத்தது 1948 பெப்ரவரியில். மத்திய வங்கி வந்தது 1950 ஓகஸ்டில். அப்படியென்றால் அந்த இரண்டரை வருடமும் எங்களுடைய காசை அடித்தது யார்?" என்று கேட்டாள். அடுத்த பாடவேளையில் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன்.

அவளுடைய கேள்வியோடு என்னுடைய சந்தேகங்களையும் சேர்த்துக் கேட்கிறேன். மத்திய வங்கி இல்லாமலே ஒரு நாட்டின் பணம் ஓடியிருக்கிறது என்றால், பிறகு எதற்காக அதை மாற்றினார்கள்? புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு தன் முதலாவது ஆளுநராக ஓர் அமெரிக்கரை ஏன் அமர்த்தியது? இவற்றோடு வீட்டுச் சந்தேகம் ஒன்றும் உண்டு. என் அம்மம்மா தன் தகப்பனார் டொக்யாட்டில் (கடற்படையின் கப்பல் பட்டறையில்) வேலை செய்து மாதமுடிவில் "ராசாவின் தலை போட்ட இங்கிலீசுக் காசு" கொண்டுவந்ததாகச் சொல்லுவார். யுத்தகாலத்தில் நம் ஊரில் பிரித்தானியப் பவுண் புழங்கியதா? தெரிந்தவர்கள் விளக்கினால், அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பில் தலைநிமிர்ந்து நிற்பேன்.


ஓய்வுபெற்ற லிகிதர், திருகோணமலை நகர் எழுதியது:

ரீச்சருக்கு வணக்கம். முப்பது வருடங்களுக்கு மேல் வங்கியில் காசு எண்ணியவன் என்ற முறையில், அந்தப் பிள்ளையின் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நேரடியான விடை: நாணய ஆணையாளர் சபை. 1950 வரை இலங்கை ரூபாவை வெளியிட்டது அதுதான். 2023 வரை மத்திய வங்கியின் தலைமையில் இருந்த நாணயச் சபையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் இரண்டும் வேறு வேறு.

அதன் கதையை 1884 இலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முன்னர் இலங்கையில் நாணயத்தாள்களைத் தனியார் வங்கிகளே வெளியிட்டன. அவற்றுள் முதன்மையானது ஒரியண்டல் பாங்க் கோர்ப்பரேஷன். 1869 இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை வருடத்துக்கு வருடம் தின்றுகொண்டு போக, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த அந்த வங்கி 1884 மே மாதத்தில் கதவை மூடியது. கையில் அதன் தாளை வைத்திருந்தவனின் நிலையை நினைத்துப் பாருங்கள்: காலையில் காசாக இருந்தது மாலையில் வெறும் கடதாசி. தேசாதிபதியாக இருந்த சேர் ஆர்தர் கோர்டன், அந்தத் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்துப் பீதியைத் தணித்தார். அதே வருடம் 32 ஆம் இலக்கக் கடதாசி நாணயக் கட்டளைச் சட்டம் வந்தது. தாள் வெளியிடும் உரிமை தனியார் வங்கிகளிடமிருந்து பறிபோனது. 1885 முதல் அரசாங்கமே தன் பெயரில் தாள்களை வெளியிட்டது. 1941 இல் வந்த புதிய கட்டளைச் சட்டம் இந்த ஏற்பாட்டைத் திருத்தி அமைத்ததே தவிர அடிப்படையை மாற்றவில்லை.

அந்த அடிப்படை மிகவும் எளிமையானது. சபை தானாக நினைத்து ஒரு ரூபாவையும் வெளியிட முடியாது. ஒரு வங்கி இந்திய ரூபாவைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் அதே எண்ணிக்கையில் இலங்கை ரூபாவைக் கொடுக்கும். இலங்கை ரூபாவைத் திருப்பிக் கொண்டுவந்தால் இந்திய ரூபாவைக் கொடுத்துவிட்டு இதைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிடும். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று. இந்திய ரூபாவோ பவுணோடு கட்டப்பட்டிருந்தது. ஆகவே நம் கையில் இருந்த ஒவ்வொரு ரூபாவுக்கும் பின்னால் இந்தியாவிலோ இலண்டனிலோ ஒரு சொத்து ஒதுக்காக இருந்தது.

இதை விளக்க உங்கள் கொள்ளுப் பாட்டனாரின் சம்பளத்தை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. டொக்யாட்டில் கூலி கொடுப்பதற்குப் பிரித்தானியக் கடற்படைக்கு ரூபா தேவை. அதன் பணமோ இலண்டனில் பவுணாக இருக்கிறது. இலண்டனில் பவுணைப் பெற்றுக்கொண்ட வங்கி கொழும்பில் ரூபாவைக் கொடுக்கும்; கையிருப்பில் தாள் குறைந்தால் இந்திய ரூபாவை ஒப்படைத்து ஆணையாளர் சபையிடம் புதிய தாள் வாங்கும். அந்தத் தாள்தான் புகையிரதத்தில் வந்து, சம்பள மேசையில் எண்ணப்பட்டு, அன்று மாலையே மத்திய வீதிக் கடைகளில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கைமாறியது. இரண்டாம் உலக யுத்தத்தில் துறைமுகத்திலும் சீனன்குடா விமானத் தளத்திலும் வேலை பெருகப் பெருகத் தாளும் பெருகியது. நாடு முழுவதிலும் புழக்கத்தில் இருந்த தாள்கள் அந்த ஆறு வருடங்களில் பல மடங்காயின. அவற்றுக்கு ஈடான சொத்து வெளிநாட்டில் சேர்ந்ததே ஒழிய, அதைக் கொண்டு வாங்குவதற்குப் பொருள் இருக்கவில்லை, கப்பல் இருக்கவில்லை. காசு இங்கே, சாமான் எங்கோ. விலைவாசி ஏறாமல் என்ன செய்யும்? நாணய ஆணையாளர்கள் பார்த்துக்கொண்டு இருக்கத்தான் முடிந்தது, ஏனென்றால் பார்த்துக்கொண்டு இருப்பது மட்டுமே சட்டம் அவர்களுக்குக் கொடுத்த வேலை.

தலைகீழான நிலைமையும் உண்டு. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றின் விலையும் உலகச் சந்தையில் விழுந்தால் ஏற்றுமதி வருமானம் சுருங்கும். அதனோடு சேர்ந்து ரூபாவின் தொகையும் தானாகவே சுருங்கும். 1930களின் மந்தத்தில் நடந்தது அதுதான். கடை வெறிச்சோடிக் கிடக்கும் வேளையில் பணமும் வற்றும். வங்கி ஒன்று நெருக்கடியில் விழுந்தால் அதற்குக் கைமாற்றுக் கொடுக்கவும் சபைக்கு அதிகாரம் இல்லை. உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது. கொடி மாறினாலும், நாட்டில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் நாட்டுக்குள் எவரும் இல்லாத நிலை மாறவில்லை. 1949 செப்டெம்பரில் பிரித்தானியா பவுணின் பெறுமதியைக் குறைத்தபோது நம் ரூபாவும் அதனோடு சேர்ந்தே இறங்கியது.


கிண்ணியா சேகரிப்பாளன் எழுதியது:

ரீச்சர், ஐயாவின் விளக்கத்துக்குப் பிறகு எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அம்மம்மாவின் "இங்கிலீசுக் காசு" விடயத்தை நான் தீர்த்து வைக்கலாம். பழைய நாணயத்தாள்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. வீட்டில் இதற்குக் கிறுக்கு என்று பெயர்.

அந்தக் காலத்து இலங்கை ரூபாத் தாளில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் உருவம் இருந்தது. குற்றிகளிலும் அவருடைய தலைதான். மேலே ஆங்கிலத்தில் இலங்கை அரசாங்கம் என்றும், கீழே நாணய ஆணையாளர்களின் கையொப்பமும் இருக்கும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஒருவர் அதைப் பார்த்து இங்கிலீசுக் காசு என்று சொன்னதில் வியப்பில்லை. ஆனால் அதே தாளில் தொகை தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட்டிருக்கிறது. பவுண் தாளில் யார் தமிழில் எழுதப் போகிறார்கள்? ஆகவே உங்கள் கொள்ளுப் பாட்டனார் கொண்டுவந்தது நம்முடைய ரூபாதான்.

யுத்தகாலத்தின் இன்னொரு வேடிக்கையையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். உலோகம் தட்டுப்பாடாக இருந்தபடியால் 1942 இல் சில்லறைக்குக்கூடக் கடதாசி அச்சிட்டார்கள். என்னிடம் உள்ள ஒரு தாளின் மொத்தப் பெறுமதி 5 சதம். ஒரு பாதி 2 சதம், மற்றப் பாதி 3 சதம். நடுவில் தபால் முத்திரைத் தாளில் இருப்பதைப் போல ஊசித்துளை வரிசை. தேவைப்பட்டால் கிழித்துச் சில்லறையாக மாற்றிக்கொள்ளலாம். அகலத்தில் என் உள்ளங்கையைக்கூட நிரப்பாது. பெரும்பாலானவர்கள் கிழித்தே பயன்படுத்தியிருப்பார்கள் என்பதால் முழுதாகக் கிடைப்பது அரிது. இதை எனக்கு விற்ற வியாபாரி இரண்டு பாதிகளையும் பசை போட்டு ஒட்டி முழுத்தாள் என்று தள்ளிவிடப் பார்த்தான் என்பதும், நான் பூதக்கண்ணாடியோடு போயிருந்தேன் என்பதும் வேறு கதை. ஒரு மணி நேர வாதத்துக்குப் பிறகு உள்ளே இருந்து நல்ல தாள் வந்தது.

மத்திய வங்கியின் பெயரில் வந்த முதல் தாள்கள் 1951 ஜனவரி 20 ஆம் திகதியிட்டவை. ஒரு ரூபாவும் பத்து ரூபாவும். வங்கி திறந்து ஐந்து மாதம் ஆகியும் பழைய தாள்களே புழங்கின. அவற்றுக்கான பொறுப்பை மத்திய வங்கி ஏற்றுக்கொண்டது. புதிய தாளிலும் மன்னர் தலை அப்படியே இருந்தது, ஏனென்றால் நாம் அப்போது குடியரசு அல்ல, பிரித்தானிய மன்னரையே தலைவராகக் கொண்ட டொமினியன். மாறியது கீழ்ப்பகுதி. ஆணையாளர்களின் கையொப்பங்கள் இருந்த இடத்தில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தனவும் ஆளுநர் ஜோன் எக்ஸ்டரும் கையொப்பமிட்டார்கள். பிரித்தானிய மன்னரின் முகத்தின் கீழ் ஓர் இலங்கை அமைச்சரும் ஓர் அமெரிக்கரும் ஒப்பமிட்ட அந்தத் தாளை நான் பல தடவை எடுத்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பிறகு எலிசபெத் மகாராணி வந்தார். 1956 இல் அவருடைய உருவமும் நீங்கி நாட்டுச் சின்னம் வந்தது.


மூதூர் வாசகன் எழுதியது:

மன்னிக்க வேண்டும், நான் எதிர்க்கட்சியாகப் பேசப் போகிறேன். ஐயா பழைய முறையின் குறைகளை மட்டும் எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு ரூபாவுக்கும் பின்னால் ஒதுக்கு இருந்தது என்று அவரே எழுதுகிறார். அது குறையா, நிறையா? 1950 இல் ஒரு டொலருக்கு 4 ரூபா 76 சதம். 1967 நவம்பரில் 5 ரூபா 95 சதம். 1977 நவம்பரில் 16 ரூபா. 2022 மார்ச்சில் 200 ரூபாவைச் சுற்றி நின்றது இரண்டு மாதங்களுக்குள் 350 ஐத் தாண்டியது. அந்த வருடம் எரிவாயு வரிசையிலும் எண்ணெய் வரிசையிலும் நின்ற எங்களிடம் வந்து, மத்திய வங்கி இருந்தபடியால் பணத்தைத் தீர்மானிக்கும் உரிமை நமக்குக் கிடைத்தது என்று சொன்னால் நாங்கள் என்ன சொல்வது? தீர்மானிக்க முடியாதவர்கள் காசைக் காப்பாற்றினார்கள், தீர்மானிக்க முடிந்தவர்கள் கரைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எக்ஸ்டர் என்ற அந்த அமெரிக்கர்கூடப் பிற்காலத்தில் தங்கத்தின் மீது மட்டுமே நம்பிக்கை வைத்தவராக அறியப்பட்டவர்தானே? தலைகீழான கூம்பு ஒன்றை வரைந்து, கடன்களெல்லாம் மேலே, அடிநுனியில் தங்கம் என்று காட்டியவர் அவரே. தான் நட்ட மரத்தின் நிழலில் தானே உட்காரவில்லை.


ஓய்வுபெற்ற லிகிதர், திருகோணமலை நகர் எழுதியது:

தம்பி மூதூர் வாசகனுக்கு: கேள்வி நியாயமானது. கோபமும் நியாயமானது. ஆனால் மரத்தை நட்டவர் அதைச் சுற்றி என்ன வேலி போட்டார் என்பதைப் பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்லலாம். ரீச்சரின் மூன்றாவது சந்தேகத்துக்கும் அங்கேதான் விடை இருக்கிறது.

1948 ஜூலையில், சுதந்திரம் கிடைத்து ஐந்தாவது மாதத்தில், இலங்கை அரசாங்கம் மத்திய வங்கி அமைக்க நிபுணர் ஒருவரைத் தருமாறு அமெரிக்காவிடம் கேட்டது. இலண்டனிடம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சிறிய நாடுகளுக்கு நாணய ஆணையாளர் முறையே போதும் என்ற எண்ணம் பிரித்தானிய நிதி வட்டாரங்களில் பலமாக இருந்த காலம் அது. 1957 இல் சுதந்திரம் பெற்ற மலாயாவுக்கும் 1959 இல்தான் மத்திய வங்கி வந்தது. இந்தியாவுக்கு 1935 இலிருந்தே ரிசேர்வ் வங்கி இருந்தது. பாகிஸ்தான் பிரிந்து ஒரு வருடத்துக்குள், 1948 ஜூலை முதலாம் திகதியே தன் அரச வங்கியைத் திறந்துவிட்டது. அயல் வீடுகள் இரண்டிலும் விளக்கு எரியும்போது நாம் மட்டும் இருட்டில் இருப்பதா என்ற எண்ணம் கொழும்பில் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அமெரிக்கா அனுப்பியது தன் மத்திய வங்கியான பெடரல் ரிசேர்வில் பொருளியலாளராக இருந்த ஜோன் எக்ஸ்டரை. பிலிப்பைன்ஸ் மத்திய வங்கி அமைப்பதற்கு ஆலோசனை சொன்ன அனுபவம் அவருக்கு உண்டு. அவருடைய அறிக்கை 1949 நவம்பரில் பாராளுமன்ற அமர்வுப் பத்திரமாக வெளிவந்தது. அதே வருடத்தின் 58 ஆம் இலக்க நாணய விதிச் சட்டம் அதன் குழந்தை. அவருக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்த என். யூ. ஜயவர்தன பிரதி ஆளுநராகி, 1953 இல் எக்ஸ்டர் போனபோது முதலாவது இலங்கை ஆளுநரானார். வரைந்தவரையே முதல் மூன்று வருடம் ஓட்டச் சொன்னார்கள். புதிய மோட்டாரை வாங்கியவர், அதைப் பூட்டியவரையே சில காலம் சாரதியாக வைத்துக்கொண்டதைப் போல. அதில் எனக்குக் குறை தெரியவில்லை.

இனி வேலிக்கு வருகிறேன். சட்டம் மத்திய வங்கிக்கு வைத்த நோக்கங்களுள் முதலிரண்டும் உள்நாட்டில் நாணயப் பெறுமதியின் உறுதியும் வெளியே மாற்று வீதத்தின் உறுதியும். அவற்றுக்குப் பிறகுதான் உற்பத்தி, வேலைவாய்ப்பு, வள அபிவிருத்தி எல்லாம். ரூபாவின் பெறுமதி 2.88 கிரெயின் எடையுள்ள சுத்தத் தங்கம் என்று எழுதப்பட்டது. டொலரில் 21 சதம். வங்கி திறந்த மறுநாள், 1950 ஓகஸ்ட் 29 இல், இலங்கை சர்வதேச நாணய நிதியத்தில் சேர்ந்தது. அரசாங்கத்துக்கு மத்திய வங்கி கொடுக்கும் தற்காலிக முற்பணம் அந்த வருடத்தின் மதிப்பிட்ட வருமானத்தில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டக் கூடாது, ஆறு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதினார்கள். காகிதத்தில் இது நல்ல உயரமான வேலி.

ஆனால் வேலியில் ஒரு படலையும் இருந்தது. பணக்கொள்கையைத் தீர்மானிக்கும் நாணயச் சபையில் மூன்றே பேர்: ஆளுநர், நிதியமைச்சின் நிரந்தரச் செயலாளர், நியமிக்கப்படும் இன்னொருவர். கடன் கேட்பவரின் ஆள் கடன் கொடுப்பவரின் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அத்துடன் முற்பணத்துக்கு எல்லை போட்ட அதே சட்டம், அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல்களை, அதாவது குறுகிய காலக் கடன் பத்திரங்களை, மத்திய வங்கி வாங்குவதற்கு வழி விட்டிருந்தது. உண்டியலை வாங்கி ரூபாவைக் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறாக இருக்கலாம். அடித்த தாள் தாள்தான். நம் தாய்மார் சீட்டுக் கட்டும்போது, சீட்டுக்காரியின் புருஷன் கைமாற்றுக் கேட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் மாதம் மறுப்பாள். இரண்டாம் மாதமும் மறுப்பாள்.

சோதனையும் உடனடியாகவே வந்தது. வங்கி திறப்பதற்கு இரண்டு மாதம் முன்னரே கொரிய யுத்தம் தொடங்கியிருந்தது. இறப்பர் விலை எகிறியது. வெளிநாட்டுச் சொத்து குவிந்தது. 1952 இல் காற்று மாறியது: இறப்பர் விழுந்தது, இறக்குமதி அரிசியின் விலை ஏறியது. அந்த வருட டிசெம்பரில் சீனாவுடன் செய்த இறப்பர், அரிசி உடன்படிக்கை அந்த நெருக்கடியின் பிள்ளை. மானிய அரிசியைப் பழைய விலைக்கே கொடுப்பதற்கு அரசாங்கம் கடன்பட்டது, ஒதுக்கு உருகியது. 1953 ஜூலையில் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். நாணய ஆணையாளர் முறை இருந்திருந்தால் அந்த வருடங்களில் ரூபாவின் தொகை ஒதுக்கோடு சேர்ந்து தானாகவே வற்றியிருக்கும். அப்போது கொத்து 70 சதம் என்பது அமைச்சரவையின் தீர்மானமாக வந்திராது, வேலை இல்லாமல், கூலி இல்லாமல், வேறு உருவத்தில் வந்திருக்கும். அரிசி வாங்க முடியாதவனுக்கு இரண்டும் ஒன்றே என்று தம்பி சொல்லக்கூடும். ஹர்த்தால் செய்வதற்கு ஓர் அரசாங்கமாவது இருந்தது என்பதுதான் நான் காணும் வித்தியாசம்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: 1950 இல் செய்த பிழை, மத்திய வங்கியை அமைத்ததில் இல்லை, அந்தப் படலையைத் திறந்து வைத்ததில் இருக்கிறது. 4 ரூபா 76 சதம் 1967 வரை நின்றது என்பது தம்பி தந்த கணக்கிலேயே தெரிகிறது, ஆனால் அதை நிறுத்தி வைத்தது ஒதுக்கின் பலத்தை விட இறக்குமதிக் கட்டுப்பாடும் செலாவணிக் கட்டுப்பாடும்தான். 2023 இன் 16 ஆம் இலக்கச் சட்டம் வந்து, திறைசேரிச் செயலாளரை மேசையை விட்டு எழுப்பி, முதலாந்தரச் சந்தையில், அதாவது அரசாங்கம் புதிதாக வெளியிடும்போதே, உண்டியல் வாங்குவதையும் தடுத்தது. படலைக்குப் பூட்டுப் போட எழுபத்து மூன்று வருடம் எடுத்தது.

எக்ஸ்டர் தங்கத்தை நம்பினார் என்பது உண்மை. ஆனால் அவர் வரைந்த சட்டத்திலும் தங்கம் இருந்தது, மேலே சொன்ன 2.88 கிரெயின் அதுதான்.

மறந்துவிடுவதற்கு முன் ஒரு விடயம். மத்திய வங்கி வருவதற்குப் பதினொரு வருடம் முன்னர், 1939 இல்தான் இலங்கை வங்கி தோன்றியது. அதற்கு அடிகோலியது சேர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழுவின் 1934 ஆம் ஆண்டு அறிக்கை. அதுவரை இருந்த வெளிநாட்டு வங்கிகள் தோட்டத்துக்கும் ஏற்றுமதிக்கும் கடன் கொடுத்தன. உள்ளூர் வியாபாரிக்கு அந்தக் கதவு திறக்காது. அவன் செட்டியாரிடம் போவான், செட்டியார் வங்கியிடம் போவார், இடையில் வங்கியின் உள்ளூர் இடையாளான சராப் ஒருவர் பிணை நிற்பார். நம் ஊர் வியாபாரிக்கு ஒரு வங்கிக் கணக்குக் கிடைத்ததே 1950 இன் திகதியை விடப் பெரிய மாற்றமாக இருந்திருக்கும். வகுப்பில் நேரம் இருந்தால் இதையும் சொல்லுங்கள்.


கிண்ணியா சேகரிப்பாளன் எழுதியது:

ஐயா 21 சதம் என்று எழுதியதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது ஒரு பவுண் 2 டொலர் 80 சதம். ஆகவே நம் ரூபா 1 ஷிலிங் 6 பென்ஸ். ஒல்லாந்தர் காலத்திலிருந்து புழங்கிய றிக்ஸ்டொலர் என்ற நாணயத்துக்கு 1825 இல் பிரித்தானியர் நிர்ணயித்த விலையும் அதே 1 ஷிலிங் 6 பென்ஸ். நூற்றிருபத்தைந்து வருட இடைவெளியில் அதே எண். காரணம் ஒன்றும் இல்லை, தற்செயல்தான். ஆனால் என்னைப் போன்ற கிறுக்கனுக்கு இது போதும், இன்றிரவு நித்திரை வராது.


உப்புவெளி ரீச்சர் எழுதியது:

ஐயா, சகோதரர்கள் இருவர், மூவருக்கும் மிக்க நன்றி. மூதூர் சகோதரர் கேட்டிருக்காவிட்டால் படலைக் கதை வெளியே வந்திராது என்பதால் அவருக்கு ஒரு நன்றி கூடுதலாக.

நேற்று அந்த மாணவியைத் தனியே கண்டு, ஆணையாளர் சபையையும் டொக்யாட் சம்பளத்தையும் சுருக்கமாகச் சொன்னேன். இது பரீட்சைக்கு வராது என்று முன்கூட்டியே எச்சரித்தும் பார்த்தேன். அவள் சிறிது யோசித்துவிட்டு, "அப்படியென்றால் ரீச்சர், இந்தியா பவுணை விட்டு விலகியிருந்தால் எங்களைக் கேட்காமலே எங்கள் காசின் விலை மாறியிருக்குமா?" என்று கேட்டாள். மாறியிருக்கும் என்றேன். சட்டம் மாறாதவரை நம் ரூபா இந்திய ரூபாவின் நிழல்தானே. சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். பிழை என்றால் ஐயா திருத்த வேண்டும். செவ்வாய்க்கிழமை கரும்பலகையில் 1884, 1941, 1950, 2023 என்று நான்கு வருடங்களை எழுதித் தொடங்கப் போகிறேன்.

கிண்ணியாச் சகோதரரிடம் ஒரு வேண்டுகோள். அந்த 1951 ஆம் ஆண்டுத் தாளையும் 5 சதத் தாளையும் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா? படம் போதாது, மன்னரின் தலைக்குக் கீழே இருக்கும் இரண்டு கையொப்பங்களையும் தமிழ் எழுத்தையும் அவர்கள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.


கிண்ணியா சேகரிப்பாளன் எழுதியது:

தாராளமாக, ரீச்சர். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முன்னரே வந்துவிடுவேன். இரண்டும் பிளாஸ்ரிக் உறைக்குள் இருக்கும். உறையோடு கைமாற்றிப் பார்க்கலாம், பூதக்கண்ணாடியும் கொண்டுவருகிறேன். 5 சதத் தாளை மட்டும் நான் என் கையிலேயே வைத்திருப்பேன். ஊசித்துளையைக் கண்டதும் கிழித்துப் பார்க்கலாமா என்று கேட்காத பிள்ளையை நான் இதுவரை சந்தித்ததில்லை.